கிராமத்துக் கல்லூரியில் செய்திப் பலகையும் விழாக்களும் உங்கள் பொறுப்பானால்

ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் ஒரு சின்ன அரசு கலை அறிவியல் கல்லூரியில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு கூடுதல் பொறுப்பு வந்து சேரும். பெரும்பாலும் அது இந்த வேலைதான்: பணியாளர் செய்திகளை எழுதி ஒட்டுவது, வரப்போகும் நிகழ்ச்சிகளை அறிவிப்பது, கூடவே அந்த நிகழ்ச்சிகளை நடத்தியும் கொடுப்பது. உத்தரவில் ஒரே வரியில் இருக்கும். எப்படிச் செய்வது என்று உட்காரவைத்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது, வகுப்பு, விடைத்தாள், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்பு என்று எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் சரி, கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும் சரி, அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தாலும் சரி, செய்ய வேண்டியது ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியாமலே போகுமோ அவருக்காகத்தான் அறிவிப்பு எழுதுகிறோம். இரண்டு பஸ் மாறி வரும் முதலாமாண்டு மாணவி, வாட்ஸ்அப் இல்லாத தூய்மைப் பணியாளர், மதில் சுவருக்கு வெளியே குடியிருக்கும் ஊர்க்காரர், இந்த மூன்று பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். மற்றவர்களுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும்.

முதல் வாரம்: பேர்களும் தேதிகளும்

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கங்களில் கல்லூரியில் வேலை செய்யும் எல்லோருடைய பெயரும் வர வேண்டும். எல்லோரும் என்றால் முதல்வர், துறைத்தலைவர்கள், நிரந்தர ஆசிரியர்கள் மட்டும் கிடையாது; கௌரவ விரிவுரையாளர்கள், நூலகர், உடற்கல்வி இயக்குநர், கண்காணிப்பாளர், உதவியாளர்கள், பதிவறை எழுத்தர், ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், தூய்மைப் பணியாளர், தோட்டம் பார்ப்பவர் வரைக்கும். தலைப்பெழுத்தை அவரவரிடமே கேட்டு எழுதுங்கள். ஒருவர் எம். என்று போடுவார், இன்னொருவர் மு. என்று போடுவார், சில பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் அப்பாவின் எழுத்தையே வைத்திருப்பார்கள். பலகையில் தலைப்பெழுத்து தப்பாக வந்தால் சிலர் நேரில் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் வருஷக்கணக்கில் மறக்கவும் மாட்டார்கள்.

பணி ஓய்வு பெறும் மாதத்தையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் இப்போது ஓய்வு வயது 60, அது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டால் இந்த வருஷம் யார் யார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அந்தக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் பாராட்டு விழாவை முன்னாலேயே வைக்க வேண்டியிருக்கும், அதனால்தான் இப்போதே தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

அடுத்த பக்கங்களில் நாட்காட்டி. இது இரண்டு வரிசை. ஒன்று கல்லூரி வரிசை: ஜூன், ஜூலையில் சேர்க்கையும் முதலாமாண்டு அறிமுக நிகழ்ச்சியும், ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், ஆகஸ்ட் 12 நூலகர் நாள் (1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள், நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, கட்டாயம் கொண்டாடுங்கள்), செப்டம்பர் 5 ஆசிரியர் நாள், 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிய செப்டம்பர் 24, அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான நாள், ஜனவரியில் பொங்கல், 25-ஆம் தேதி வாக்காளர் நாள், பிப்ரவரி 28 அறிவியல் நாள், மார்ச்சில் மகளிர் நாள், விளையாட்டு விழா, ஆண்டு விழா, அப்புறம் பருவத் தேர்வு. இதெல்லாம் சுலபம், பழைய கோப்பைப் புரட்டினாலே கிடைத்துவிடும்.

இரண்டாவது வரிசைதான் முக்கியம், அது எந்தக் கோப்பிலும் இருக்காது. ஊர் வரிசை. நடவு எப்போது, அறுவடை எப்போது, அம்மன் கோயில் திருவிழா எந்த வாரம், வாரச்சந்தை என்ன கிழமை, நூறு நாள் வேலை எந்தப் பக்கம் நடக்கிறது, முகூர்த்த நாட்கள் எவை. கிராம சபை தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தேதிகளில் ஊராட்சித் தலைவரோ செயலரோ உங்கள் விழாவுக்கு வரமுடியாது. ஆனால் நீங்கள் போகலாம். ஊரே உட்கார்ந்திருக்கும் இடத்தில் உங்கள் முகாமைப் பற்றி இரண்டு நிமிடம் பேச அனுமதி கேளுங்கள், நூறு நோட்டீஸ் அடிப்பதை விட அது பலன் தரும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், திறந்தவெளியில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணியாளர் செய்தி எழுதும்போது

பணியாளர் செய்தி என்றால் வாழ்த்து மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கியவரின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் மாணவர்களுக்கு உண்மையில் உதவுகிற செய்தி வேறு. அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்துவந்தவர் மாறுதலில் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கும் பிள்ளைகள் நம் கல்லூரியில் நிறையப் பேர், ஒரு மாதம் பணம் வரவில்லை என்றால் வங்கிக் கணக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்பார்கள். "இவர் விடுவிக்கப்பட்டார், இன்னார் பணியேற்றார்" என்று மட்டும் எழுதாமல், "உதவித்தொகை, பஸ் பாஸ், படிப்புச் சான்றிதழ் வேலைகளை இனி இன்னார் பார்ப்பார், அலுவலகத்தில் இரண்டாவது மேசை, காலை 10 மணி முதல் 1 மணி வரை" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காகவே பலகையைப் படிக்க வருவார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர் பற்றிய குறிப்பில் பெயர், பதவி, துறை, எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறார், என்ன பாடம் எடுப்பார், எந்த அறையில் இருப்பார், இவ்வளவு போதும். செல்பேசி எண்ணைப் பலகையில் போடாதீர்கள், குறிப்பாகப் பெண் ஆசிரியர்களுடையதை. நீண்ட விடுப்பில் யாராவது இருந்தால் அவர் பாடத்தை யார் எடுக்கிறார் என்பது செய்தி; அவருக்கு என்ன உடம்பு என்பது செய்தி இல்லை. பிரசவ விடுப்பு, அறுவைச் சிகிச்சை, வீட்டுப் பிரச்சினை எதுவானாலும் சம்பந்தப்பட்டவர் தானாகச் சொல்லச் சொன்னால் ஒழிய எழுதக் கூடாது. திருமணம், குழந்தை பிறந்த செய்தியும் அப்படித்தான், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இறப்புச் செய்தி வந்தால் உடனே செய்ய வேண்டும், ஏனென்றால் கிராமத்தில் காலையில் இறந்தால் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். முதலில் வீட்டாரிடமோ துறைத்தலைவரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு யார், பணியாளருக்கு என்ன உறவு, எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும், கல்லூரியிலிருந்து வண்டி கிளம்புகிறதா. படம் வேண்டாம். அதே செய்தியில் நாளைய போட்டி அறிவிப்பை ஒட்டிப் போடாதீர்கள். இரவுக் காவலரின் அம்மா இறந்தாலும் முதல்வரின் அம்மா இறந்தாலும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே அளவு, ஒரே வேகம். இதில் வித்தியாசம் காட்டினால் சின்னக் கல்லூரியில் அது எல்லோர் கண்ணிலும் படும்.

பணி நிறைவுப் பாராட்டு விழா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு இது ஒரே ஒருமுறை வருவது. ஒரு மாதம் முன்னாலேயே அவரிடம் போய் விழா வேண்டுமா, எப்படி வேண்டும் என்று கேளுங்கள். சிலருக்கு மேடை பிடிக்காது, துறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாடு போதும் என்பார்கள், அப்படியே செய்யுங்கள். வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள், வயதானவர்கள் உண்டா, வண்டி ஏற்பாடு வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வசூல். நினைவுப் பரிசுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைப்பது வழக்கம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிரந்தரப் பேராசிரியருக்கு 500 ரூபாய் பெரிதாகத் தெரியாது, தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அது வீட்டுச் செலவு. விருப்பமுள்ளவர் விருப்பப்பட்டதைத் தரட்டும், ஓர் உறையைச் சுற்றுக்கு விடுங்கள், யார் எவ்வளவு என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். மொத்தம் எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஓய்வு பெறுபவர் அலுவலக உதவியாளர் என்றால் அதே அரங்கம், அதே நாற்காலி, அதே பொன்னாடை. பேசுவதற்கு முதல்வரோடு பழைய மாணவர் ஒருவரையும் கூப்பிடுங்கள். பாராட்டுரைகள் நீண்டு கடைசியில் அவருடைய ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் கூட மிஞ்சாத விழாக்கள் நிறைய நடக்கின்றன. வாழ்த்துரை எத்தனை பேர் என்பதை ஐந்தோடு நிறுத்துங்கள், ஏற்புரைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்துவிடுங்கள்.

ஊரோடு சேர்ந்த நிகழ்ச்சி: எங்கே தொடங்குவது

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம்தான் இதில் பெரியது. ஓர் அலகில் 100 மாணவர்கள், முகாமுக்கு அதில் 50 பேர். திட்ட அலுவலர் வேறொருவராக இருந்தாலும் அறிவிப்பு, அழைப்பிதழ், ஊர்த் தொடர்பு உங்கள் தலையில்தான் விழும்.

ஊரைத் தேர்ந்தெடுத்ததும் அழைப்பிதழ் அடிக்க ஓடாதீர்கள். முதலில் ஊருக்குப் போங்கள், ஒருமுறை காலையில், ஒருமுறை சாயங்காலம். தலைவரையும் ஊராட்சி செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்ப்பது முறை, அதோடு நிறுத்தாமல் மகளிர் சுய உதவிக் குழுவில் உட்கார்ந்து பேசுங்கள், அங்கன்வாடிப் பணியாளரைப் பாருங்கள், பால் சங்கத்தில் பால் ஊற்ற வரும் நேரத்தில் நில்லுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாம் மரக்கன்று நடலாம் என்று போயிருப்போம், அவர்கள் மாட்டுக்கு முகாம் வைத்துத் தாருங்கள் என்பார்கள். கால்நடை மருத்துவ முகாம் வைத்தால் ஊரே வரும், என் அனுபவத்தில் வேறு எதற்கும் அந்தக் கூட்டம் வராது. ஆனால் அதைக் காலை 7 மணிக்குத் தொடங்க வேண்டும், 10 மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினால் மாடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கும்.

இடம். இதில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஊர்ப் பொது இடம் என்று காட்டப்படும் இடத்துக்கு எல்லாத் தெருக்காரர்களும் வந்து சரிசமமாக உட்கார்கிறார்களா என்று விசாரியுங்கள். கோயில் மண்டபம் வசதியாக இருக்கும், ஆனால் காலனியிலிருந்து ஒருவரும் உள்ளே வராத மண்டபமாக இருந்தால் அது நமக்குப் பொது இடம் இல்லை. பள்ளி, நூலகம், சமுதாயக் கூடம் இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். நம் மாணவர்களில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் ஒரே பந்தியில் சாப்பிடப்போகிறார்கள், அதை ஊர் பார்க்கும். இதைத் தலைவரிடம் முன்னாலேயே தெளிவாகவும் மரியாதையாகவும் சொல்லிவிட வேண்டும், அங்கே போய்ச் சமாளிக்கலாம் என்று விடக் கூடாது.

பள்ளிக் கட்டடத்தில் தங்குவதென்றால் முகாமை மார்ச்சுக்குத் தள்ளாதீர்கள். பிளஸ் டூ பொதுத் தேர்வு தொடங்கிவிட்டால் தேர்வு மையமான பள்ளியில் இடம் கிடைக்காது. மாணவிகளுக்குக் கழிப்பறை, தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை, இரவில் கூடவே தங்கப் பெண் ஆசிரியர், இந்த நான்கும் உறுதியாகாத ஊரில் முகாம் வேண்டாம். வீட்டில் அனுமதி வாங்க மாணவிகளுக்கு ஒரு கடிதம் வேண்டும், அதில் தங்குமிடமும் பொறுப்பாசிரியர் பெயரும் இருந்தால்தான் அம்மா அப்பா அனுப்புவார்கள்.

குளம் தூர்வாருவது, சீமைக் கருவேலம் வெட்டுவது இரண்டுக்கும் அனுமதி வாங்குங்கள். அந்த இடம் ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, தனியார் பட்டாவா என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லுவார். கையெழுத்து வாங்காமல் அரிவாளைத் தூக்கினால் இரண்டாம் நாளே தகராறு.

ரத்ததான முகாமைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனை ரத்த வங்கி மருத்துவ அலுவலருக்கு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தால் அவர்களே வருவார்கள். அறிவிப்பில் இதையெல்லாம் எழுதுங்கள்: வயது 18 நிரம்பியிருக்க வேண்டும் (முதலாமாண்டில் பலருக்கு 17தான்), எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தரலாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடிவரும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம், அதனால் இட்லிக்கு ஏற்பாடு செய்துவிட்டு முகாமைத் தொடங்குவது நல்லது. ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் மாணவிகள் நிறைய இருப்பார்கள். காரணத்தை மற்றவர் முன்னால் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரும்புச்சத்து மாத்திரைக்கு அனுப்பிவைப்பதும் முகாமின் வேலைதான்.

அறிவிப்பு போய்ச் சேரும் வழி

கல்லூரிக்குள்: முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வகுப்பு வகுப்பாகப் போக வேண்டும், பலகையில் ஒட்ட வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மூன்றும் வேண்டும். குழுவில் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள், மலிவான போனில் படம் திறக்காது. முதல் நான்கு வரிக்குள் என்ன, என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பது வந்துவிட வேண்டும். சிறப்பு விருந்தினரின் பட்டங்களெல்லாம் கீழே போகட்டும்.

முடியும் நேரத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பஸ். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் எந்த நிகழ்ச்சியையும் திட்டமிடாதீர்கள். மதியம் 3 மணிக்கு மேல் நம் மாணவர்களில் பலர் வேலைக்கும் போகிறார்கள், ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க், வீட்டு ஆடு மாடு. மாலை 6 மணிக்கு முடியும் கலைநிகழ்ச்சியில் உள்ளூர் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். இரண்டு சுழற்சி நடக்கும் கல்லூரியாக இருந்தால் இரண்டு சுழற்சி மாணவர்களும் இருக்கும் இடைவேளை நேரத்தைப் பிடியுங்கள்.

ஊருக்குள்: ரேஷன் கடை, டீக்கடை, பால் சங்கம், பஸ் நிறுத்தம், இந்த நான்கு இடத்தில் கையால் எழுதிய பெரிய எழுத்து நோட்டீஸ். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லலாம், எல்லாத் தெருவுக்கும் போகச் சொல்லுங்கள். தண்டோரா போடும் பழக்கம் வேண்டாம், 2022-லேயே தமிழக அரசு அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, மைக் செட்காரருக்கும் அது தெரியும், ஆனாலும் சொல்லிவிடுங்கள். தேர்தல் அறிவித்திருந்தால் யாரை மேடைக்கு அழைக்கலாம் என்று முதல்வரிடம் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அன்றைக்கு

நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் மாலையே மைக்கைப் போட்டுப் பாருங்கள், மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிப்பதிவில் போடாமல் மாணவர்களைப் பாடவையுங்கள். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது அரசு சொன்னதும் அதுதான், 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும், இரண்டு நாள் பயிற்சி போதும். குடிதண்ணீர் கேன் மேடைக்குப் பக்கத்தில் மட்டும் இல்லாமல் பின்வரிசைக்கும் வேண்டும். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து மாணவர்கள் நிற்கட்டும். நன்றியுரையில் பந்தல் போட்டவர், சமைத்தவர், கூட்டிப் பெருக்கியவர் பெயரை முதலில் சொல்லுங்கள், உங்கள் நோட்டில் பெயர் இருக்கிறது.

பொங்கல் விழா என்றால் கூடுதலாக ஒன்று. துறைக்கு ஒரு பானை வைக்கும்போது அடுப்புகளைக் காற்றடிக்கும் திசை பார்த்துக் கட்டடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள், பக்கத்தில் இரண்டு வாளி மண்ணும் தண்ணீரும் இருக்கட்டும், சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

மறுநாள் முதல் வேலை கணக்கு. பந்தல், மைக் செட், சமையல்காரர் கூலியை நிதி வரட்டும் என்று இழுத்தடிக்காதீர்கள், அவர்கள் எல்லோரும் உள்ளூர் ஆட்கள், பலருடைய பிள்ளைகள் நம்மிடமே படிக்கிறார்கள். ஊரில் வாங்கிய அண்டா, ஜமுக்காளம், நாற்காலிகளைக் கழுவித் துடைத்து எண்ணிக் கொடுத்து, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அறிக்கை: தேதி, இடம், வந்தவர் எண்ணிக்கை, என்ன நடந்தது, நான்கு படம், வருகைப் பதிவின் நகல். ஒரு பிரதி ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) கோப்புக்கு, ஒரு பிரதி உங்கள் நோட்டுக்கு. கண் முகாமிலோ மருத்துவ முகாமிலோ யாரையாவது மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் பெயர்ப் பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து இரண்டு மாணவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பி, போனார்களா என்று கேட்டுவரச் சொல்லுங்கள். போகாதவர்களில் பாதிப் பேர் துணைக்கு ஆள் இல்லாமல்தான் போயிருக்கமாட்டார்கள், மருத்துவமனை நாளன்று கூடப்போக ஒரு தன்னார்வலரை ஏற்பாடு செய்யுங்கள்.